முத்துசாமி: ஒரு தமிழ் இயற்பெயர் பிரெஞ்சுக் குடும்பப் பெயரான வரலாறு

இக்கட்டுரை ஆராய்வது ஒரே ஒரு குடும்பப் பெயரை. உரோமன் எழுத்தில் எம், ஓ, யூ, டி, ஓ, யூ, எஸ், எஸ், ஏ, எம், ஒய் எனப் பதினோர் எழுத்துகளால் அமைந்தது அது. தமிழகத்தில் முத்துசாமி என்பது எவ்வூரிலும் வழங்கும் இயற்பெயர். இந்தப் பதினோரெழுத்து வடிவிலோ அது உலகில் அருகிய குடும்பப் பெயர். கரீபியக் கடலிலுள்ள குவாதலூப்பை முதன்மையாகக் கொண்டு, பிரெஞ்சு ஆட்சி நிலவிய தீவுகளிலும் அங்கிருந்து பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் பெயர்ந்தோரிடத்தும் காணப்படுவது. இப்பெயருடையோர் என்னிடம் வழக்கமாக எழுப்பும் வினா, "எங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது?" என்பதே. அவ்வினாவினுள் ஒரு கருதுகோள் மறைந்துள்ளது: பெயர் ஒன்றாயின் குடும்பமும் ஒன்று என்பது. அது பொருந்தாது என்பதே என் முடிபு.

எழுத்தமைப்பிலிருந்து தொடங்குவோம். உகர ஒலிக்கு ஓ, யூ என்னும் ஈரெழுத்தை ஆள்வது பிரெஞ்சு மரபு. பிரெஞ்சில் இரு உயிர்களுக்கு இடையே வரும் தனி எஸ், 'இசட்' என ஒலிக்கும். ஆகவே சாமி என்பதன் சகர ஒலியைக் காக்க எழுத்தர் எஸ்ஸை இரட்டித்தார். தகரத்தைக் குறிக்க ஆங்கில வழக்கில் டி-யுடன் சேரும் எச் இங்கே இல்லை. இவ்வாறு எழுதியவர் செவியால் கேட்டதைத் தம் மொழியின் விதிப்படி பதிந்தவர். அவ்வளவில் அவர் கவனமுடையவரே. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியில் ஆடும் செனுரன் முத்துசாமியின் பெயரில் ஒற்றை எஸ்ஸும் டி-யுடன் எச்சும் இருப்பதை ஒப்பிடுக. ஒரே பெயர், ஆனால் அதன் முன்னோர் ஏறிய கப்பல் எவ்வாட்சியின் துறைமுகத்தை நோக்கிச் சென்றது என்பதை எழுத்தே காட்டிவிடுகிறது.

பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848 ஏப்ரல் 27-ஆம் நாள் ஆணையால் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் தேவைப்பட்டனர். 1853-இல் மார்த்தினிக்கிற்கு இந்தியரை முதன்முதலாகக் கொணர்ந்த 'ஒரேலி' என்னும் கப்பலே 1854 டிசம்பர் இறுதியில் குவாதலூப்பையும் அடைந்தது. தொடக்கத்தில் புதுச்சேரியும் காரைக்காலும் ஆள்சேர்ப்புத் துறைகள். 1861-ஆம் ஆண்டின் பிரித்தானிய-பிரெஞ்சு உடன்பாட்டின்பின் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் சென்றன. 1889 வரை குவாதலூப்பை அடைந்த இந்தியர் ஏறத்தாழ 42,000 பேர். இவர்களுள் முத்துசாமி என்னும் பெயருடையோர் ஒருவராக இருந்திருக்க இயலாது.

இங்கேதான் இரு பெயர் மரபுகள் மோதுகின்றன. தமிழ் வழக்கில் தந்தை பெயர் மகனுக்கு அடையாளமாகும். பேரனிடம் அது தங்குவதில்லை. தாத்தாவின் பெயர் பேரனுக்கு மீள்வதும் உண்டு; அப்போதும் அது இயற்பெயராகவே மீள்கிறது. பிரெஞ்சுச் சட்டமோ வேறு. புரட்சிக் காலத்தில் 1794-இல் இயற்றப்பட்ட சட்டம், பிறப்புப் பதிவிலுள்ள பெயரன்றி வேறு பெயர் பூணுதலைத் தடுத்தது. ஆகவே முத்துசாமியின் பிள்ளை பதிவேட்டில் ஏறிய நாளில், ஒரு மனிதனின் பெயர் ஒரு வழியினரின் பெயராக உறைந்தது. தீவின் ஒரு மூலையில் ஒரு முத்துசாமியும் மறு மூலையில் உறவே இல்லாத இன்னொரு முத்துசாமியும் தனித்தனிக் குடும்பங்களின் மூதாதையராயினர். மறுதலையாக, எழுத்தர் ஓர் எழுத்தை மாற்றினாலும் உடன்பிறந்தார் இருவர் வெவ்வேறு குடும்பப் பெயர் பெறக்கூடும். பதிவு செய்யப்படாத திருமணத்தின் பிள்ளைக்கோ, தந்தை முறைப்படி ஏற்றாலன்றி அவர் பெயர் சேராது. எனவே இப்பெயர் தாய்வழியாகவும் இறங்கியிருக்கலாம். தந்தைவழியை மட்டுமே வரையும் குடிவழிப் படங்கள் இதனை மறந்துவிடுகின்றன.

தாயகத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி, புதுச்சேரியில் தம் மரபுவழித் தனிச்சட்ட உரிமையைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் தமக்கொரு குடும்பப் பெயரைத் தாமே தெரிந்தெடுத்தனர். காலணி அணிந்து நீதிமன்றம் புகும் உரிமைக்காக வழக்காடிய வழக்குரைஞர் பொன்னுத்தம்பி, 'லாபோர்த்' என்னும் பெயரைப் பூண்டார். அவர்கள் பெயரைத் தேர்ந்தனர். குவாதலூப் தொழிலாளிக்குப் பெயர் நேர்ந்தது. ஆயினும் வியப்பு யாதெனில், தேர்ந்தவர் பலரிடம் பிரெஞ்சுப் பெயர் தங்க, நேர்ந்தவரிடமே தமிழ்ப்பெயர் தங்கியது. பிள்ளை, நாயுடு போன்ற சாதிப் பட்டங்கள் தென்னாப்பிரிக்காவில் குடும்பப் பெயர்களாக நிலைத்தன. இப்பெயரில் அத்தகைய பட்டம் ஏதுமில்லை. இதனைக் கொண்டு சாதி தேடுவோர்க்கு ஒன்றும் கிட்டாது. அதனை நான் இழப்பாகக் கருதவில்லை.

பெயர் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறியதால் உரிமை உடன் வந்துவிடவில்லை. குவாதலூப்பின் கப்பெஸ்தேரில் பிறந்த ஆன்றி சிதம்பரம், இந்தியர் வழித்தோன்றல்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க 1904-இல் தொடங்கிய போராட்டம் 1923-இல்தான் வெற்றி கண்டது. அவருடைய குடும்பப் பெயரும் இதே வகையில் உறைந்த ஓர் இயற்பெயரே. பின்னர் எர்னெஸ்ட் முத்துசாமி, 1981 முதல் 2002 வரை பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராகவும் சேன்-பிரான்சுவா நகரத் தந்தையாகவும் விளங்கினார். குவாதலூப்பின் இந்தியத் தன்மை குறித்து நூலும் எழுதினார்.

தீவுக்கு வெளியே இப்பெயர் சென்ற வழிகள் தமிழுலகம் அதிகம் அறியாதவை. சிகாகோவில் 1922-இல் பிறந்த கட்டடக் கலைஞர் ஜான் முத்துசாமியின் குடும்ப வேர் குவாதலூப்பில் உள்ளது. கறுப்பின மக்களின் இதழ்களை வெளியிட்ட ஜான்சன் பதிப்பகத்துக்கு மிச்சிகன் அவென்யூவில் எழுந்த தலைமையகத்தை வடிவமைத்தவர் அவர். அவர் மகள் ஜீன், தென்கரோலினாவின் டஃபஸ்கித் தீவு மக்களைப் படம்பிடித்த ஒளிப்படக் கலைஞர். 1977-இல் டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷை மணந்தபோது தம் பெயரை விடாமல் கணவர் பெயரை அதனுடன் இணைத்துக்கொண்டார். பாரிசில் பிறந்த கால்பந்து வீரர் சாமுவேல் முத்துசாமி, காங்கோ சனநாயகக் குடியரசுக்காக ஆடுகிறார். அமெரிக்கக் கறுப்பினத்தவராகவும் காங்கோவினராகவும் அறியப்படுவோரின் பெயரை, நாம் ஒரு தமிழ் எழுத்து மாற்றாமல் படித்துவிட முடிகிறது. இவர்களைத் 'தமிழர்' என நாம் உரிமை கொண்டாடுவதற்கு இது போதுமா என்பது வேறு வினா. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

ஊர் தேடுவோர்க்கு நான் கூறும் வழி இது: பெயரை விட்டுவிடுங்கள், எண்ணைத் தேடுங்கள். எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சிலுள்ள கடல்கடந்த நாடுகளின் தேசிய ஆவணக் காப்பகத்தின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிச் சென்று, முதலில் வந்தவரை அடைய வேண்டும். குடியேறிக்கு வழங்கப்பட்ட பதிவெண் அங்கே குறிக்கப்பட்டிருப்பின், அதுவே அவரை மற்ற முத்துசாமிகளிடமிருந்து பிரித்துக் காட்டும்.