வழக்கில் பிறந்த மாநகராட்சி

1831-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மான்செஸ்டரின் மக்கள்தொகை 1,42,000. உலகத்துக்கே துணி நெய்து அனுப்பிய ஊர். அதற்கு முந்தைய ஆண்டுதான் லிவர்பூலுக்கு நீராவி ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. இத்தனை பெரிய ஊரை நிர்வகித்த அதிகாரிகள் யார் என்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். பீரைச் சுவைத்துத் தரம் சொல்ல ஒருவர். சந்தையில் மீனையும் இறைச்சியையும் பார்வையிடச் சிலர். காவல் நாய்களுக்கு வாய்ப்பூட்டு போட்டிருக்கிறார்களா என்று கவனிக்கச் சிலர். இவர்களுக்கு மேலே பரோரீவ் என்ற ஊர்த்தலைவரும் இரண்டு கான்ஸ்டபிள்களும். எல்லாரையும் நியமித்தது கோர்ட் லீட் என்ற பண்ணை நீதிமன்றம். அந்தப் பண்ணை மோஸ்லி குடும்பத்துக்குச் சொந்தம். சட்டத்தின் பார்வையில் மான்செஸ்டர் ஒரு ஜமீன் கிராமம்.

கிராமமாக இருந்த காலத்தில் இந்த ஏற்பாட்டில் பெரிய குறையில்லை. ஆலைகள் வந்த பிறகு அது ஆபத்தாகிவிட்டது. 1819 ஆகஸ்ட் 16 அன்று புனித பீட்டர் திடலில் வாக்குரிமை கேட்டுக் கூடிய பல்லாயிரக்கணக்கான மக்கள் மீது குதிரைப்படை பாய்ந்தது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். பீட்டர்லூ என்று வரலாறு அதைக் குறித்துக்கொண்டது. படையை ஏவிய நீதிபதிகளை அந்த ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஊரே அஞ்சிய துணைக் கான்ஸ்டபிள் ஜோசப் நாடினும் கோர்ட் லீட்டின் ஆள்தான். நடந்த கொடுமைக்குப் பதில் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டுமானால், கேட்பதற்கு ஊரில் ஒரு வாசல்கூட இல்லை. மான்செஸ்டர் மாநகராட்சியின் கதையை நான் இந்தத் திடலிலிருந்துதான் தொடங்குவேன்.

இடையில் இன்னொரு அமைப்பும் இருந்தது. 1792-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி போலீஸ் கமிஷனர்கள் என்ற குழு உருவானது. பெயரில்தான் போலீஸ். தெருவிளக்கு, குப்பை, இரவுக் காவல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. 1817-இல் ஊருக்கென்று எரிவாயு ஆலை அமைத்து, அதில் வந்த லாபத்தைத் தெருக்களைச் சீரமைக்கச் செலவிட்டவர்களும் இவர்கள்தாம். நல்ல வேலைதான். ஆனால் 1828-க்குப் பிறகு 240 பேர் கொண்ட அந்தக் குழுவுக்கு வாக்களிக்கவும், அதில் உட்காரவும் கணிசமான சொத்து வேண்டியிருந்தது. ஆக, ஜமீன் ஒரு பக்கம், சொத்துக்காரர் குழு மறு பக்கம். நடுவில் இருந்த மக்களுக்குக் குரல் இல்லை.

1832-இல் சீர்திருத்தச் சட்டம் மான்செஸ்டருக்கு முதன்முறையாக இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கொடுத்தது. அடுத்த ஆண்டே, நாட்டிலுள்ள நகராட்சிகள் எப்படி நடக்கின்றன என்று ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. அதன் செயலாளர் பர்மிங்காம் வழக்கறிஞர் ஜோசப் பார்க்ஸ். ஆணையம் கண்டது பெரும்பாலும் அழுகல். பல ஊர்களில் நகராட்சி உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே அடுத்தவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். ஊர்ச் சொத்தை விருந்துக்கும் உறவினருக்கும் செலவழித்தார்கள். கணக்கு யாரிடமும் காட்டப்படவில்லை. இதன் விளைவாக வந்ததுதான் 1835-ஆம் ஆண்டின் நகராட்சிகள் சட்டம். 178 ஊர்களின் பழைய நகராட்சிகளை அது ஒரே வீச்சில் மாற்றியது.

அந்தச் சட்டத்தின் உள்ளமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய மான்செஸ்டர் தேர்தல் வரைக்கும் அதன் நிழல் நீள்கிறது. வீட்டு வரி கட்டிவரும் ஆண்கள் வாக்களிக்கலாம். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் அங்கே குடியிருந்து வரி கட்டியிருக்க வேண்டும். அடிக்கடி வீடு மாறும் கூலித் தொழிலாளி அந்த ஒரு நிபந்தனையிலேயே வெளியே நின்றான். பெரிய ஊர்களில் உறுப்பினராக நிற்பதற்கு 1,000 பவுண்டு சொத்தோ, 30 பவுண்டுக்குக் குறையாமல் வரி மதிப்பிட்ட இடமோ வேண்டும். வாக்கு ரகசியமில்லை. யாருக்கு வாக்களிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளை அதிகாரியிடம் நீட்ட வேண்டும். முதலாளியும் வீட்டுக்காரரும் அதைத் தெரிந்துகொள்ள வழி இருந்தது. 1872 வரை இப்படித்தான்.

பதவிக்காலம் மூன்று ஆண்டு. ஆனால் எல்லாரும் ஒன்றாகப் போக மாட்டார்கள். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கினர் விலக, அந்த இடங்களுக்கு நவம்பர் முதல் தேதி தேர்தல் நடக்கும். முதல் தேர்தலில் குறைந்த வாக்கு பெற்றவர் முதலில் விலக வேண்டும். ஊர் ஒரே இரவில் தலைகீழாகிவிடக் கூடாது, அதே சமயம் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வாக்காளர் முன்னால் வந்து நிற்கவும் வேண்டும். இந்த இரண்டு கவலைகளையும் ஒன்றாகக் கட்டிய ஏற்பாடு இது. ஒரு நகரத்தின் பணத்தைக் கையாள்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கட்டுப்பாடு அந்தக் காலத்தில் வேறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பிரபுக்கள் அவைக்கு இதுவும் பயமாக இருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை அடக்கிப் பிடிக்க நிரந்தரமாக உட்காரும் ஆல்டர்மேன்கள் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். பேரம் பேசிக் கடைசியில் நின்ற முடிவு இது: உறுப்பினர்களின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு ஆல்டர்மேன்கள். அவர்களை உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள். ஆறு ஆண்டு இருப்பார்கள். மேயரும் ஆல்டர்மேன்களும் சென்னைக்குப் புதியவர்களல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனப்படி 1688-லேயே மதராசில் மேயரும் ஆல்டர்மேன்களும் பதவியேற்றுவிட்டார்கள். அதற்கு நூற்றைம்பது ஆண்டு கழித்துத்தான் மான்செஸ்டருக்கு ஒரு மேயர் கிடைத்தார்.

சட்டம் வந்தும் மான்செஸ்டருக்கு உடனே எதுவும் நடக்கவில்லை. பழைய நகராட்சி இருந்தால்தானே சீர்திருத்துவார்கள்? புதிதாக வேண்டுமென்றால் ஊர்க் குடும்பத்தலைவர்கள் மன்னரிடம் மனுச் செய்ய வேண்டும். இங்கேதான் ரிச்சர்ட் காப்டன் வருகிறார். சசெக்ஸில் பிறந்து, அச்சிட்ட பருத்தித் துணி வியாபாரத்தில் மான்செஸ்டரில் குடியேறியவர். 1837-இல் அவரைக் கோர்ட் லீட்டின் ஜூரியில் உட்கார அழைத்தார்கள். ஒரு பெரிய தொழில் நகரத்தின் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் அந்தக் கூட்டத்தின் சிறுமையை நேரில் கண்டவர், அதே ஆண்டில் ஒரு துண்டுப் புத்தகம் எழுதினார். நகராட்சி கேளுங்கள் என்பதுதான் அதன் அழைப்பு. ஜமீன்தாரின் மேஜைக்குக் கீழே எத்தனை நாள் உட்காருவீர்கள் என்ற ரோஷத்தை ஊர் வியாபாரிகளிடம் அவர் கிளப்பிவிட்டார்.

எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. பழமைவாதிகளான டோரிகள் எதிர்த்தார்கள். அதில் வியப்பில்லை. கூலித் தொழிலாளர்களுக்காகப் பேசிய தீவிர சீர்திருத்தவாதிகளில் பலரும் அவர்களுடன் சேர்ந்ததுதான் கவனிக்க வேண்டியது. வாக்குரிமை எங்களுக்கு வராது, வருவது முதலாளிகளின் ஆட்சியும் அவர்களின் போலீசும்தான் என்பது அவர்கள் வாதம். பீட்டர்லூவைப் பார்த்தவர்களின் சந்தேகம் அது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். நகராட்சி அமைக்கும் அரச சாசனம் கேட்டு ஏறத்தாழ 12,000 பேர் கையெழுத்திட்டார்கள். வேண்டாம் என்ற மனுவில் 30,000-க்கும் மேல் கையெழுத்துகள். அரச ஆலோசனைக் குழுவான பிரிவி கவுன்சில் ஆட்களை அனுப்பிச் சரிபார்த்தபோது, எதிர்மனுவின் கையெழுத்துகளில் பெரும்பகுதி செல்லாதவை என்று கழிந்தன.

1838 அக்டோபர் 23 அன்று சாசனம் வந்தது. மான்செஸ்டருடன் ஹியூம், சார்ல்டன், ஆர்ட்விக், பெஸ்விக், சீத்தம் என்ற அண்டை ஊர்களும் சேர்ந்து ஒரே நகராட்சி ஆயின. 15 வார்டுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்பினர்கள், நியூ கிராஸ் வார்டுக்கு மட்டும் ஆறு. மொத்தம் 48 உறுப்பினர்கள், 16 ஆல்டர்மேன்கள். டிசம்பர் 14 அன்று தேர்தல். சாசனமே செல்லாது என்று சொன்ன டோரிகள் அதில் நிற்கவேயில்லை. லிபரல் பக்கத்தவரே அவையை நிரப்பினார்கள். தாமஸ் பாட்டர் முதல் மேயர், காப்டன் ஆல்டர்மேன்களில் ஒருவர். மான்செஸ்டர் மாநகராட்சி எதிர்க்கட்சி இல்லாமல் பிறந்தது.

அவைக்குள் எதிர்ப்பில்லை. வெளியே எல்லாமே எதிர்ப்பு. கோர்ட் லீட் கலையவில்லை. போலீஸ் கமிஷனர்கள் டவுன் ஹாலைவிட்டு நகரவில்லை. வரி வசூல் செய்ய வேண்டிய அதிகாரிகள் நகராட்சிக்காக வசூலிக்க மறுத்தார்கள். பகலில் கோர்ட் லீட்டின் காவலர்கள், இரவில் கமிஷனர்களின் காவலர்கள், இவர்களோடு நகராட்சியின் புதுக் காவலர்கள் என்று ஒரே ஊரில் மூன்று படைகள். 1839-இல் அரசாங்கமே தலையிட்டு, சர் சார்லஸ் ஷா என்பவரை அனுப்பிக் காவல்துறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. சொந்தப் போலீசைத் தானே நடத்த முடியாத நகராட்சி என்ற அவமானத்தைச் சில ஆண்டுகள் தாங்க வேண்டியிருந்தது.

சந்தேக மரணம் நேர்ந்தால் விசாரிக்கக்கூட இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். மாவட்டத்துக்கு ரட்டர், நகராட்சிக்குச் சாப்மன். உன் பதவி செல்லாது, ஏனென்றால் உன்னை நியமித்த நகராட்சியே செல்லாது என்று ரட்டர் வழக்குப் போட்டார். நாடு முழுவதும் கவனித்த வழக்கு அது. 1841-இல் சாசனம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றமும் சட்டம் இயற்றி அதை உறுதி செய்தது. போலீஸ் கமிஷனர்கள் 1843-இல்தான் தங்கள் பொறுப்புகளை ஒப்படைத்தார்கள்.

மிச்சமிருந்தது ஜமீன். சந்தை நடத்தும் உரிமை இன்னும் மோஸ்லியிடம் இருந்தது. 1846-இல் மாநகராட்சி அந்த உரிமைகளை 2,00,000 பவுண்டு கொடுத்து விலைக்கு வாங்கியது. ஊர்மக்கள் தங்கள் ஊரைத் தாங்களே பணம் கொடுத்து மீட்டார்கள். இந்த வரலாற்றில் என்னை அதிகம் உலுக்கும் இடம் இதுதான். 1853-இல் சிட்டி என்ற தகுதி வந்தது. 1877-இல் வாட்டர்ஹவுஸ் வரைந்த புது டவுன் ஹாலைத் திறந்துவைத்த மேயர் ஏபல் ஹேவுட். முத்திரை வரி கட்டாத ஏழைகளின் பத்திரிகையை விற்றதற்காக 1832-இல் சிறை சென்றவர் அவர்.

பெண்கள் நெடுங்காலம் வெளியே நின்றார்கள். 1869-இல் வரி கட்டும் பெண்களுக்கு நகராட்சி வாக்கு கிடைத்தது. அதற்கான திருத்தத்தைக் கொண்டுவந்தவர் மான்செஸ்டர் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேக்கப் பிரைட். நகராட்சி உறுப்பினராக நிற்கும் உரிமை 1907-இல். மறு ஆண்டே மார்கரெட் ஆஷ்டன் மாநகராட்சியின் முதல் பெண் உறுப்பினரானார். முதல் உலகப்போரை எதிர்த்ததற்காக அவரை நகரம் தண்டித்தது. பின்னாளில் நண்பர்கள் வரைவித்துக் கொடுத்த அவர் ஓவியத்தைக்கூட மாநகராட்சி ஏற்க மறுத்தது.

1974-இல் உள்ளாட்சி மாற்றியமைக்கப்பட்டபோது ஆல்டர்மேன்கள் போனார்கள். மூன்றில் ஒரு பங்கு முறை தொடர்ந்தது. இன்று 32 வார்டுகள், வார்டுக்கு மூவர், மொத்தம் 96 பேர். பதவிக்காலம் நான்கு ஆண்டு. மூன்று ஆண்டுகள் மூன்றில் ஒரு பங்குக்குத் தேர்தல், நான்காம் ஆண்டு தேர்தல் இல்லை. 1971 முதல் பெரும்பான்மை லேபர் கட்சியிடமே இருக்கிறது. 2014 மே மாதத் தேர்தல் முடிந்தபோது 96 பேருமே லேபர் வேட்பாளர்களாக வென்றவர்கள். 1838-இல் எதிர்த்தரப்பு ஒதுங்கியதால் நேர்ந்த நிலை, இம்முறை வாக்குச்சீட்டாலேயே நேர்ந்தது. வார்டில் அதிக வாக்கு பெற்றவரே வெல்வார் என்ற முறையில், நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் மாற்று வாக்குகள் ஓர் இடமாகக்கூடத் திரளாமல் போகலாம். பட்ஜெட்டைக் கேள்வி கேட்க மாற்றுக் கட்சியின் குரல் ஒன்றும் இல்லாத அவையை எந்தக் கட்சிக்காரரும் விரும்பக் கூடாது என்பேன்.

2016-இல் டிட்ஸ்பரி வெஸ்ட் வார்டில் லிபரல் டெமாக்ராட் ஜான் லீச் வென்றார். அவர் ஒருவரே எதிர்க்கட்சி. 2018-இல் வார்டு எல்லைகள் மாறியதால் 96 இடங்களுக்கும் ஒன்றாகத் தேர்தல் நடந்தது. லேபர் 94, லிபரல் டெமாக்ராட் 2. ஒவ்வொரு வார்டிலும் மூன்றாவதாக வந்தவர் அடுத்த ஆண்டே மறுபடி வாக்காளரைச் சந்திக்க வேண்டும் என்பது 1835-இன் அதே விதி. பிறகு கிரீன் கட்சி உள்ளே வந்தது. 2024-இல் காசா போர் குறித்த கோபம் பல வார்டுகளில் கொதித்தபோது, லாங்சைட்டில் வொர்க்கர்ஸ் கட்சி வேட்பாளரிடம் மாநகராட்சியின் துணைத் தலைவர் லுத்ஃபுர் ரஹ்மான் தோற்றார். லேபரிடம் அன்றும் 85-க்கு மேற்பட்ட இடங்கள் இருந்தன. ஆட்சி அசையவில்லை. ஆனால் அதன் இரண்டாவது நாற்காலியில் இருந்தவரை ஒரே வார்டின் வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.