ஆடியும் படியும்

‘ஆடி’ என்றால் பழந்தமிழில் கண்ணாடி. ‘கண்ணாடி’யின் பின்பாதியில் அது இன்றும் இருக்கிறது. ‘மிரர்’ எனப்படும் இரட்டை ஹார்டு டிஸ்க் அமைப்பை ‘ஆடி வட்டு’ என்றே தாராளமாகச் சொல்லலாம். 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ‘ரெய்டு’ என வகைப்படுத்திய பல வட்டு அமைப்புகளில் இது முதல் நிலை. எழுதுவதெல்லாம் இரு வட்டிலும் பதியும். 4 டெராபைட் வட்டு இரண்டைப் பூட்டினாலும் கிடைக்கும் இடம் 4 டெராபைட்தான். முதலில் இரண்டையும் இணைத்து, பிறகே ஒரே வட்டாகத் தெரியும் அதை ஃபார்மட் செய்ய வேண்டும்.

‘படி’, அதாவது நகல், வேறு. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எடுத்து, தனியே வைப்பது. பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் விசுவநாதருக்குக் கோயில் எழுப்பிய தென்காசி, காசியின் படி, ஆடி அல்ல. 1669இல் காசியில் பழைய கோயில் இடிக்கப்பட்டபோதும் தென்காசியில் உள்ளது நின்றது. ஆடி வட்டிலோ, ஒரு வட்டு பழுதானால் மற்றது காக்கும்; ஆனால் கைதவறி அழித்த கோப்பு இரண்டிலும் அழியும். குற்றாலத்தில் விடுதிக் கணக்கை ஆடி வட்டில் வைத்திருப்பவர், படி ஒன்றைத் திருநெல்வேலியிலாவது வைத்திருக்க வேண்டும்.