மாரியோ மெட்டு

1990-களில் டிவியோடு இணைக்கும் வீடியோ கேம் பெட்டியில் என் மகன் மாரியோ ஆடும்போதெல்லாம், "அந்தச் சத்தத்தை நிறுத்துடா" என்று கத்தியவன் நான். 2023-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அந்தச் சத்தத்தைச் சேர்த்துவிட்டது. வீடியோ கேம் இசை ஒன்று அதில் இடம்பெற்றது அதுவே முதல் தடவை.

1985-இல் அதை அமைத்தவர் ஜப்பானின் கோஜி கோண்டோ. நிண்டெண்டோவில் சேர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது; வயது 24. அந்தப் பெட்டியில் அவர் பயன்படுத்தியது மெட்டுக்கு இரண்டு குரல், பேஸுக்கு ஒன்று, தாளத்துக்கு வெறும் இரைச்சல். அவ்வளவுதான். நம் ஊர்க் கல்யாண மேளத்துக்கே அதைவிட ஆள் அதிகம்! அதற்குள் ஜாஸின் துள்ளலையும் லத்தீன் அமெரிக்கத் தாளத்தையும் கொண்டுவந்தார். முதலில் போட்ட மெட்டு சாவதானமானது. மாரியோ ஓடித் தாவும் வேகத்துக்கு ஒட்டவில்லை என்று அதைத் தள்ளிவிட்டு மறுபடி எழுதினார்.

ஆட்ட நேரம் 100-க்குக் கீழே இறங்கினால் அதே மெட்டு விறுவிறுவென்று ஓடும். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நான் சுவிட்சை அணைத்தேன். பையன் அழுதது இன்னும் காதில் இருக்கிறது.