சக்கர நாற்காலியில் வந்த டாக்டரம்மா

வேலூரின் தென் ஓரத்தில் பாகாயம். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்தை ஒட்டி ஒரு மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்து முதுகு முறிந்தவர், லாரி மோதித் தூக்கி எறியப்பட்டவர் என்று தண்டுவடம் அடிபட்டவர்கள் அங்கே வருகிறார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். நேற்றுவரை வீட்டைத் தாங்கியவர்கள். இன்று திரும்பிப் படுக்கவும் இன்னொருவர் கை வேண்டும்.

அந்த நிலையம் டாக்டர் மேரி வர்கீஸின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவரும் அப்படித்தான் கிடந்தார்.

கொச்சியை அடுத்த வைப்பின் தீவில் செராய் என்ற ஊரில், 1925-இல், சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் மேரி. வேலூரில் எம்.பி.பி.எஸ். முடித்து, மகப்பேறு மருத்துவராகும் ஆசையோடு பயிற்சியில் இருந்தார். 1954 ஜனவரி இறுதியில் உடன் பணியாற்றிய இளம் மருத்துவர்களோடு ஓர் உல்லாசப் பயணம் போனபோது வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான காயம். அதைவிடக் கொடுமை, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை.

அந்தக் காலத்தில் நம் ஊரில் இதற்கு என்ன பொருள் என்று மேரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படுக்கைப்புண் வரும், சிறுநீரில் கிருமி சேரும், சிறுநீரகம் கெடும். கவனிக்க ஆளில்லாதவர்கள் அதிக நாள் தாங்கமாட்டார்கள். பிள்ளைப்பேறு பார்க்க நினைத்த பெண்ணுக்கு நிற்கவே கால் இல்லை என்றாகிவிட்டது. டோரதி கிளார்க் வில்சன் 1963-இல் எழுதிய வாழ்க்கை வரலாறு அவருடைய கலக்கத்தை மறைக்காமல் சொல்கிறது. விசுவாசம் உள்ளவர்களுக்கு வலி குறைவு என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும்.

அப்போது வேலூரில் பால் பிராண்ட் இருந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு, வேலை செய்யும் தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி உயிர் கொடுத்தவர் அவர். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம், நீங்கள் வாருங்கள் என்று மேரியை அழைத்தார். கேட்பதற்குச் சின்ன யோசனைதான். ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவரிடம் ‘ஆறுதல் கொள்’ என்பதற்கும் ‘உன்னால் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது’ என்பதற்கும் இடையே மலையளவு தூரம் உண்டு. மேரி சக்கர நாற்காலியில் அறுவை அரங்குக்குள் போனார். ஊர் ஒதுக்கிய நோயாளிகள், தங்களைவிட மோசமான நிலையில் இருந்த ஒரு டாக்டரம்மா தங்கள் கையைப் பிடித்துப் பார்ப்பதைக் கண்டார்கள். வார்டில் அவர் இருப்பதே மருந்தாக இருந்தது.

பிராண்டுக்கு அந்த யோசனை தற்செயலாக வந்திருக்காது. அவர் பிறந்தது கொல்லிமலையில். அப்பா ஜெஸ்ஸி அந்த மலையில் ஊழியம் செய்து, 1929-இல் கடும் காய்ச்சலில் இறந்தார். பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். கணவனைப் பறிகொடுத்த அம்மா எவலின் ஊருக்குப் போய் ஒதுங்கிவிடவில்லை, இந்தியாவுக்குத் திரும்பினார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்கே போய், தொண்ணூறு வயதைத் தாண்டியும் மட்டக்குதிரையில் கிராமம் கிராமமாகச் சுற்றினார். தாயின் துக்கம் எந்த வழியில் நடந்தது என்பதை மகன் கண்ணால் பார்த்திருந்தார்.

வேலூர் மருத்துவமனையே சாவுகளில் முளைத்ததுதான். திண்டிவனத்தில் மிஷன் மருத்துவரான ஜான் ஸ்கடரின் வீட்டுக்கு ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு சாதி இந்து. மூவர் மனைவிக்கும் பிரசவ வலி. ஆண் மருத்துவர் வரக்கூடாது என்று மறுத்து, மகள் ஐடாவை அழைத்தார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்காவுக்குப் போய் நிம்மதியாக வாழ நினைத்திருந்த ஐடா, கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று வேலூருக்குத் திரும்பினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. மேரி படித்த கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது.

அந்த மூன்று பெண்களும் இதற்காகத்தான் இறந்தார்கள் என்று சொல்லத் துணியக்கூடாது. மேரியின் விபத்தையும் அப்படி நியாயப்படுத்த முடியாது. சிலுவையை மையமாகக் கொண்ட ஒரு மதம் துயரத்துக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. துயரப்படுபவனோடு இருந்தால் போதும். வேலூரில் நடந்தது அதுதான்.

மேரி கை அறுவை சிகிச்சையோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் தன்னைப் போன்றவர்கள் வேலைக்குப் போய் வருவதைப் பார்த்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1963-இல் வேலூரில் அந்தத் துறை தொடங்கியபோது அவரே தலைவர். உள்நோயாளிகள் தங்கிப் பழகும் நிலையம் 1966-இல் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ வந்தது. 1986-இல் அவர் காலமானார்.

அந்த நிலையத்தில் கற்றுக்கொடுப்பவை எல்லாம் அன்றாடக் காரியங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, படுக்கைப்புண் வராமல் நேரத்துக்கு உடலைத் திருப்புவது, தானே குழாய் போட்டுச் சிறுநீர் கழிப்பது, கையால் ஏதாவது தொழில் செய்வது. மனைவியோ அம்மாவோ கூடவே தங்கிப் படித்துக்கொள்கிறார்கள். கிறிஸ்தவர் நடத்தும் இடம்தான். ஆனால் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்டுவிட்டு யாரும் கட்டில் கொடுப்பதில்லை.

வீட்டுக்குப் போனவர்களை விட்டுவிடுவதும் இல்லை. ஆண்டுதோறும் நடக்கும் மறுவாழ்வு மேளாவுக்குப் பழைய நோயாளிகள் திரும்பி வருகிறார்கள். சக்கர நாற்காலிப் பந்தயம், பாட்டு, நாடகம் எல்லாம் உண்டு. அதோடு சேர்த்து மருத்துவர்கள் உடலையும் சோதித்துவிடுகிறார்கள். புதிதாக அடிபட்டு, இனி எல்லாம் முடிந்தது என்று வார்டில் படுத்திருப்பவர்களையும் வெளியே தள்ளிக்கொண்டு வந்து பார்க்க வைக்கிறார்கள். கடை வைத்தவர், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், தன் நாற்காலியைத் தானே பழுது பார்ப்பவர் எல்லாரும் அங்கே வந்து அவர்களோடு பேசுகிறார்கள்.