யாருடைய பிள்ளை? கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் பள்ளிப் பெருமையின் வரலாறு

மாநிலப் போட்டிக்குத் தேர்வான கபடிக் குழு, அதைத் தயார்செய்த பி.டி. சார், ஐ.ஐ.டி.யில் இடம் பிடித்த அரசுப் பள்ளி மாணவி ஆகியோரை ஊரே திரண்டு கொண்டாடுவது தொன்றுதொட்ட வழக்கம் என்று தோன்றலாம். உண்மையில் அதற்கு வயது குறைவு. பள்ளி, குறுவட்டம், மாவட்டம், துறை என்று அரசு கட்டிய படிகள் எந்த இடத்தில் ஒருவரைப் பெயர் சொல்லிப் பதிவு செய்கின்றனவோ, பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஊரும் ‘நம்ம பிள்ளை’ என்று உரிமை கொண்டாடத் தொடங்குகிறது. கள்ளக்குறிச்சியின் அண்மை வரலாறு இதற்கு நல்ல சான்று. ஏனெனில் இங்கே ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டத்தின் பெயர் மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது.

1993 வரை கள்ளக்குறிச்சி தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு வட்டம். தலைநகரம் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில் இருந்த கடலூர். அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று கள்ளக்குறிச்சியையும் சேர்த்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. 2019 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு, நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. பள்ளி விளையாட்டோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகளில் வென்றவர்கள் குறுவட்டத்திலிருந்து வருவாய் மாவட்டத்துக்கும், அங்கிருந்து மாநிலத்துக்கும் ஏறுகிறார்கள். மாநில மைதானத்தில் அறிவிக்கப்படுவது மாவட்டத்தின் பெயர். கள்ளக்குறிச்சியை அடுத்த சங்கராபுரத்துப் பையன் நீளம் தாண்டுதலில் வென்றால் ஒரு தலைமுறை முன்பு அது தென்னார்க்காட்டின் வெற்றி, பிறகு விழுப்புரத்தின் வெற்றி. 2019-க்குப் பிறகுதான் அவன் ஓடுபாதைக்கு வரும்போது ஒலிபெருக்கியில் கள்ளக்குறிச்சி என்ற பெயர் கேட்கிறது.

மாவட்டம் வருமுன் பெருமையே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் அதன் பொருள் வேறு. காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் நிலமும் மேசை நாற்காலியும் கொடுத்தார்கள். அன்று பெருமைக்குரியது பள்ளிக் கட்டடம். மாணவர் அதற்குள் பெயரில்லாத கூட்டம். தனி மாணவரை வெளியே எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் உடற்கல்வி ஆசிரியர். 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து கிளம்பிய இந்தத் தொழில், மெல்ல மெல்லச் சிற்றூர்ப் பள்ளிகள் வரை வந்து சேர்ந்தது. பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் இதன் விளைவைப் பார்க்கலாம். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவின் உயரம் தாண்டும் திறனை முதலில் கண்டவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வந்தது. அதே மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜன் 2021 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியபோது ஊர் அவரைக் குதிரை ரதத்தில் ஏற்றி அழைத்துவந்தது. 2023-இல் அவர் அதே ஊரில் கிரிக்கெட் மைதானம் திறந்தார். ரதம் அன்று மாலையே நின்றுவிட்டது, மைதானம் நிற்கிறது. இரண்டில் எது பெரிய கொண்டாட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வீரனைக் கொண்டாட அரசின் படிகள் எதற்கு? கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம் வட்டாரத்தில் ஆநிரை மீட்டு மாண்டவர்களுக்கு ஊரார் எடுத்த நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றனவே! ஆனால் அக்கற்களின் எழுத்தைப் பார்த்தால், பல இடங்களில் முதல் வரி அரசனின் ஆட்சியாண்டாகத்தான் இருக்கிறது. ஊரின் நினைவும் அரசின் கணக்கில்தான் தேதி பெற்றது. மேலும், நடுகல் வீரன் ஊரின் மாட்டைக் காத்து ஊரிலேயே விழுந்தவன். பள்ளி வீரரோ ஊரை விட்டுப் போவதாலேயே ஊருக்குப் பெருமை தருகிறார். இரண்டும் ஒரே மரபின் தொடர்ச்சி என்று சொல்வது அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அரசு எண்ணும் முறையை மாற்றினால் பெருமையும் மாறுமா? 2017 அதற்கு ஒரு சோதனை. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அவ்வாண்டு அரசு நிறுத்தியது. மாநில முதலிடம் என்ற தனியாள் புகழ் அத்தோடு மறைந்தது. தேர்ச்சி விழுக்காட்டில் மாவட்டம் எத்தனையாவது இடம் என்ற கூட்டுக் கணக்கு முன்னுக்கு வந்தது. தனியார் பள்ளிகள் சென்டம் எண்ணிக்கையோடு ஃப்ளெக்ஸ் வைப்பதை விடவில்லை என்பது உண்மைதான். அது ஊரின் குரலா விளம்பரமா என்பது வாசகருக்கே தெரியும்.

மலையில் கதை வேறு. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், தமிழ் பேசும் மக்கள்) பள்ளி என்றால் பெரிதும் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிதான். 2025-இல் கருமந்துறை உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றார். கருமந்துறை சேலம் மாவட்டம். மலையின் இன்னொரு பகுதியான வெள்ளிமலை கள்ளக்குறிச்சி மாவட்டம். இருந்தும் செய்திகளில் அவர் ‘கல்வராயன் மலை மாணவி’தான். மாவட்டக் கோடுதான் பெருமையை வகுக்கிறது என்ற வாதம் இங்கே உடைகிறதா? கோடு உடைகிறது, வாதம் உடையவில்லை. மலை மாணவரைப் பதிவு செய்த படி மாவட்டமன்று, துறை. அந்தத் துறையின் பள்ளிகள் மலையின் இரு பக்கமும் இருக்கின்றன. சமவெளியில் பெருமை தேர்ச்சி விழுக்காட்டுக்கு நகர்ந்த பிறகும், மலைக்கு ஒற்றை ஆளின் வெற்றியே செய்தியாக இருக்கிறது. அடுத்தடுத்துப் போகிறவர்களின் பெயர் செய்தியாகாத ஆண்டு அங்கே இன்னும் வரவில்லை.