விளக்கும் பானையும்

1970 தேர்தலில் 17 இடத்துக்குச் சுருங்கிப்போன ஐக்கிய தேசியக் கட்சி, 1977 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றத்தின் 168 இடங்களில் 140ஐ அள்ளியது. வாக்கு என்னவோ ஏறக்குறைய பாதிதான். மிச்சத்தைத் தொகுதி முறை கொடுத்தது. சிறிமாவோவின் சுதந்திரக் கட்சிக்கு எட்டே எட்டு. அதனால் 18 பேரோடு வந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். தனிநாடு கேட்டு ஜெயித்தவருக்கு அந்த நாற்காலி!

ஆறில் ஐந்து பங்கு கையில் இருந்தால் அரசியலமைப்பையே புதுசாக எழுதலாம். ஜே.ஆர். ஜயவர்த்தன 1978ல் எழுதினார். விகிதாசாரத் தேர்தல் முறையும் அதில்தான் வந்தது. அந்த முறையில் தேர்தல் வைத்தால் 140 கரைந்துவிடும், சின்னக் கணக்குதான். ஆகவே தேர்தலே வேண்டாம் என்றாகிவிட்டது. (சிறிமாவோ அரசும் 1972 அரசியலமைப்பைக் காட்டி இரண்டு வருஷம் கூடுதலாக உட்கார்ந்ததுதான்.)

1982 டிசம்பர் 22, சர்வஜன வாக்கெடுப்பு. இதே நாடாளுமன்றத்தை இன்னும் ஆறு வருஷம் நீட்டலாமா? ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் பானை. 54.66 சதவீதம் விளக்குக்கு விழுந்தது.

எனக்கு அதைவிட உறுத்துவது, அந்த வருஷம் தன் எம்.பி.க்களிடம் ஜே.ஆர். வாங்கி வைத்துக்கொண்ட தேதி போடாத ராஜினாமாக் கடிதங்கள். அப்புறம் சபையில் 140 பேர் எங்கே இருந்தார்கள்? ஒரே ஆள்தான்.

1983 ஜூலைப் படுகொலைகளுக்குப் பிறகு, ஆகஸ்ட்டில் ஆறாவது திருத்தம்: பிரிவினையை ஆதரிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். கூட்டணி மறுத்தது, இடங்களை இழந்தது. வடக்கின் 14 தொகுதிகளும் அவர்களுடையவை. அடுத்த பொதுத்தேர்தல் 1989 பிப்ரவரியில்தான் வந்தது.