பூசலார் எடுத்த உள்ளக் கோயில்

உயிர்தோறும் உள்நின்று அருளுகின்றான் இறைவன் என்பது சைவ நன்மக்கள் யாவரும் நாவாற் சொல்லும் பொருள். சொல்லுதல் எளிது. அச்சொல்லின் உண்மைக் கருத்து யாது, அது நம் முன்னோரிடை எவ்வாறு வழங்கி வந்தது, அதனை உடன்பட்டார் எவ்வாறு ஒழுகக் கடமைப்பட்டவர் என்னும் மூன்றனையும் ஆராய்ந்து தெளிதலோ அரிது. திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் வரலாறு இவ்வாராய்ச்சிக்குத் தக்கதொரு வாயிலாய் அமைந்திருத்தலின், அதனை முன்னிட்டு ஈண்டுச் சில கூறுதும்.

1. வேத முடிபிற் காணும் பொருள்

இக்கொள்கை மிகப் பழைமை உடையது. சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் அத்தியாயத் தொடக்கம், இவ்வுடம்பைப் பிரமத்தின் நகரமாகவும், அந்நகரினுள் தாமரை வடிவிற்றாய ஒரு சிறு மனை உளதாகவும், அம்மனையினுள் விளங்கும் நுண்ணிய வெளியில் உள்ளதே தேடி அறியற்பாலதாகவும் கூறுகின்றது. இதனைத் தகரவித்தை என ஆன்றோர் வழங்குவர்.

பிருகதாரணியகத்தின் மூன்றாம் அத்தியாயத்து ஏழாம் பிராமணம் இப்பொருளை இன்னும் விளங்க வைக்கின்றது. உத்தாலக ஆருணி வினாவ யாஞ்ஞவற்கியர் விடை கூறுகின்றார். நிலம், நீர், தீ முதலாக ஒவ்வொன்றனையும் எடுத்து, அதனுள் இருந்தும் அதனின் வேறாய், அதனால் அறியப்படாதவனாய், அதனையே தனக்கு உடலாகக் கொண்டு உள்ளிருந்து இயக்குவோன் ஒருவன் உளன் என்றும், அவனே அந்தரியாமி என்றும் அவர் உணர்த்துகின்றார். அந்நிரலில் வரும் ஓரிடத்துக் காணுவ பாடத்தில் ‘விஞ்ஞானம்’ என்றிருக்க, மாத்தியந்தின பாடத்தில் ‘ஆன்மா’ என்றே உள்ளது. பாடவேற்றுமை சிறிதாயினும் அதனாற் பெறும் பயன் பெரிது. ஆன்மாவினுள் இருப்பவன் ஆன்மாவின் வேறாவன் என்பதும், வேறாயினும் அதனை விட்டு ஒருகாலும் நீங்கான் என்பதும் ஒருங்கே அதனாற் பெறப்படும். பிற்காலத்துச் சித்தாந்த நூல்கள் விரித்துரைக்கும் அத்துவிதப் பொருளுக்கு இஃது ஒரு பழைய சான்றாம் என்க.

2. திருமுறை ஆசிரியர் கண்ட நெறி

பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தவராய், கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் விளங்கிய திருநாவுக்கரசு சுவாமிகள் இப்பொருளை ஏட்டுப் பொருளாக வையாது அனுபவப் பொருளாகச் செய்தருளினார். விறகினுள் தீ உண்டு; ஆயினும் காணப்படாது. பாலினுள் நெய் உண்டு; அதுவும் அவ்வாறே. கடையவே இரண்டும் வெளிப்படும். இறைவனும் அங்ஙனமே யாவரிடத்தும் மறைந்து நிற்கின்றான். அன்பும் அறிவும் கொண்டு கடைவார்க்கு முன்நின்று தோன்றுகின்றான் என்பது அவர் காட்டிய உவமையின் கருத்து. ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. நெய் கடைவோனாற் படைக்கப்படுவதில்லை. முன்னரே பாலில் உள்ளது. ஆகவே, இறைவன் உள்நிற்றல் தவத்தால் வருவதன்று; அவன் விளங்கித் தோன்றுதலே தவத்தால் வருவது. குணமுடையார், குணமிலார், கற்றார், கல்லார் என்னும் வேறுபாடின்றி எவ்வுயிரினும் அவன் நிறைந்துளன் என்பது இதனாற் போதரும்.

திருமூலநாயனார் உள்ளத்தைப் பெருங்கோயிலாகவும், உடம்பை அதன் ஆலயமாகவும் கண்டு உபதேசித்தருளினர். அதனோடு அமையாது, அடியார்க்கு இட்டது ஆண்டவனைச் சேரும்; ஆண்டவன் திருவுருவுக்கு மட்டும் இட்டது அடியாரைச் சேராது என்பதுபட, இயங்கும் கோயிலாகிய மனிதரின் உயர்வையும் உணர்த்தினர். அகத்துள் இறைவனைக் காணும் நெறி, பிறர்பால் ஒழுகும் ஒழுக்கமாக மாறுமிடம் இதுவேயாம்.

3. நின்றவூர்க் கோயில்

இனிப் பூசலார் வரலாற்றுக்கு வருவாம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் இவரை ஊரும் பேரும் மட்டுமே சுட்டி வணங்கினர். நம்பியாண்டார் நம்பிகள் திருவந்தாதியால் அத்தொகையை வகைசெய்தனர். வரலாறு முழுவதையும் விரிவாக நாம் காண்பது, கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் அநபாய சோழன் எனப்பெறும் இரண்டாங் குலோத்துங்கன் காலத்துச் சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்திலேயாம்.

தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் மறையோர் குலத்துத் தோன்றிய பூசலார், சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எடுக்க விழைந்தார்; பொருள் தேடி எங்கும் வருந்தினார்; சிறிதும் பெற்றிலர். பின்னர் மனத்தினாலேயே பொருள் ஈட்டி, கல்லும் மரமும் பிற கருவிகளும் தேடி, தச்சரைக் கூட்டி, நன்னாள் கொண்டு ஆகம விதிப்படி பணி தொடங்கினார். இரவினும் துயிலாராய், உபானம் முதற் சிகரம் ஈறாக ஒவ்வோர் உறுப்பையும் அளவு பிழையாமல் அமைத்தார், சுதை பூசினார், கிணறும் மதிலும் குளமும் வகுத்தார், தாபனத்துக்கு நாளும் குறித்தார். அந்நாளிலேயே காஞ்சியில் தான் எடுத்த கற்றளிக்குத் தாபனஞ் செய்யக் காடவர் கோமான் எண்ணியிருந்தனன். முதல் நாள் இரவில் இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூரில் அன்பன் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்துள் நாளை புகுவோம் ஆதலின், நின் செயலை ஒத்திவைப்பாய் எனப் பணித்தருளினான். அரசன் நின்றவூர் அடைந்து கோயிலைத் தேடினான். ஊரவர் அப்படியொரு கோயில் இல்லை என்றனர். பூசலாரைக் கண்டு வினாவியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. முடியணிந்த மன்னன் செல்வமில்லா அவ்வந்தணர் திருவடியில் வீழ்ந்து வணங்கி மீண்டான். பூசலாரும் தம் உள்ளக் கோயிலில் இறைவனைத் தாபித்து, நாடோறும் பூசை புரிந்து, திருவடி நீழல் எய்தினர்.

4. கல்வெட்டும் வரலாறும்

அக்காடவர் கோமான் யாவன்? சேக்கிழார் அவன் இயற்பெயரைக் கூறிற்றிலர். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கி.பி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த இராசசிங்கனாகிய இரண்டாம் நரசிங்கவர்மனே அவன் என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, 1890-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் முதற்றொகுதியில் அச்சேறியுள்ளது. துசியந்தன் முதலிய பண்டை மன்னர் கிருதயுகத்தில் அசரீரி வாக்குக் கேட்டமை வியப்பன்று. நற்குணம் அருகிய கலியுகத்தில் இம்மன்னன் அவ்வாக்கைக் கேட்டமையே வியப்பு என்னும் கருத்து அதன்கண் காணப்படுகின்றது.

கனவில் இறைவன் உரைத்தமையையும் கல்வெட்டிற் கண்ட அசரீரியையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரு நிகழ்ச்சியையே குறிப்பன எனக் கொள்வாருண்டு. கல்வெட்டில் பூசலார் பெயரோ நின்றவூர்ப் பெயரோ இல்லை ஆதலின், அதனை முடிந்த முடிபாக உரைத்தல் பொருந்தாது. ஆயினும், அக்கோயிலை எடுத்த அரசன் தெய்வ வாக்குக் கேட்டான் என்னும் செய்தி அவன் காலத்திலேயே கல்லில் ஏறிற்று என்பதும், அதனோடு ஒத்ததொரு செய்தி நானூறு ஆண்டுகளின் பின் சேக்கிழார் வாக்கில் நிலைபெற்றது என்பதும் மறுக்கலாகாதன. திருநின்றவூரில் இருதயாலீசர் எனத் திருப்பெயர் பூண்டு இறைவன் எழுந்தருளியிருத்தலையும் அன்பர்கள் அறிவர்.

5. இருவகைப் பிறழ்ச்சி

இவ்வரலாற்றைக் கொண்டு, கற்கோயில் வேண்டா, மனக்கோயிலே அமையும் என வாதிப்பார் ஒருசாரார். அற்றன்று. பூசலார் விரும்பியது கற்கோயிலே. வறுமையால் அது கைகூடாமையின் மனத்தகத்து எடுத்தார். அங்ஙனம் எடுத்தபோதும் ஆகம விதியையும் நாளையும் அளவையும் நெகிழவிட்டிலர். இறைவனும் காஞ்சிக் கற்றளியை வெறுத்தான் அல்லன். தாபனத்தைப் பிறிதொரு நாளுக்கு ஒத்திவைக்குமாறே பணித்தான். இரு கோயிலுள் எது முற்பட்டது என்பதே ஈண்டு உணர்த்தப்பட்டது.

உள்ளத்து உறைபவன் இறைவன் ஆதலின் உயிரே இறைவன் என முடிப்பார் மற்றொருசாரார். அதுவும் பொருந்தாது. கோயிலினுள் எழுந்தருளினான் என்ற மாத்திரையானே கோயிலே இறைவன் ஆகாது. பூசலார் தம்மைத் தாம் பூசித்தார் அல்லர். தம்முள் நின்ற தலைவனையே பூசித்தனர். வழிபடுவோனும் வழிபடப்படுவோனும் ஒருவனேயாயின், வழிபாடு என்னுஞ் சொல்லே பொருளற்றதாய் ஒழியும்.

6. மெய்கண்டார் வகுத்த முடிபு

இவ்விருவகைப் பிறழ்ச்சியும் நேராவண்ணம் கி.பி. 13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்ட தேவர் பொருளை வரையறுத்தருளினர். சிவஞானபோதம் இரண்டாஞ் சூத்திரம், இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கும் நிலையைக் கூறுகின்றது. கலப்பினால் ஒன்று, உடலும் உயிரும்போல. பொருட்டன்மையால் வேறு, கண்ணும் ஞாயிறும்போல. உயிர்க்கு உயிராய் நின்று அறிவித்தலால் உடன், கண்ணொளியும் உயிரறிவும்போல. மூன்றனுள் ஒன்றைப் பற்றி ஏனையவற்றை விடுவோர் வழிதவறுவர்.

அங்ஙனமாயின், எல்லார் உள்ளத்தும் இறைவன் ஒப்ப நிற்க, அடியாரை மட்டும் சிவமாகவே கண்டு வழிபடுக எனப் பன்னிரண்டாஞ் சூத்திரம் விதித்தது என்னை எனின், அதற்கும் ஆண்டே விடையுண்டு. மலம் நீங்கிய அடியாரிடத்து அவன் தயிரில் நெய்போல விளங்கி நிற்பன். ஏனையோரிடத்துப் பாலில் நெய்போல விளங்காது நிற்பன். விளங்குதலும் விளங்காமையும் வேறே அன்றி, உண்மை இரண்டிடத்தும் ஒன்றே. இவ்வேறுபாட்டைக் கொண்டு பிறரை இகழப் புகுவார் உவமையை நன்கு நோக்கிற்றிலர். நெய் தோன்றவில்லை என்று பாலை நிலத்திற் கவிழ்ப்பார் உளரோ? நெய்க்கு முதலாவது அப்பாலே அன்றோ?

7. கொள்கையின் உரைகல்

உயிர்தோறும் இறைவன் உளன் எனக் கொண்டவர், ஒரு மனிதனைப் பிறப்புப் பற்றி இழித்து, அவனுள் உறையும் தலைவனைக் காணவரும் அவனையே திருவாயிலில் தடுத்தல் எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவினின்றும் சைவர் தப்புதல் இயலாது. ஆவுரித்துத் தின்னும் புலையரேயாயினும் சிவனுக்கு அன்பராயின் அவரே தாம் வணங்குங் கடவுள் என்னும் கருத்தை அப்பர் சுவாமிகள் அக்காலத்தேயே அருளிச் செய்தனர். திருப்புன்கூரில் புறத்தே நின்ற திருநாளைப்போவார்க்குக் காட்சி தருதற்கு இடபதேவர் விலகியமையைச் சேக்கிழார் கூறினர். கி.பி. 1313-இல் சங்கற்ப நிராகரணம் இயற்றிய உமாபதி சிவாசாரியார், கொற்றவன்குடியில் தமக்கு விறகு சுமந்துவந்த பெற்றான் சாம்பனாருக்குத் தீக்கை செய்து முத்தியளித்தனர் என்பது வழிவழி வரும் வரலாறு. தில்லைவாழ் அந்தணர் மரபில் வந்த ஆசாரியர் ஒருவர், தாழ்த்தப்பட்ட ஒருவரது உள்ளத்தில் தம் பெருமானைக் கண்டு செய்த செயல் அது.

ஆசிரியர்கள் இங்ஙனம் காட்டியிருந்தும், வழிவந்தோர் பல நூற்றாண்டு அதனைப் பாராயணத்தோடு நிறுத்தி வைத்தனர். 1867-இல் வடலூரில் தருமசாலை நிறுவிய இராமலிங்க சுவாமிகள், பசித்தோர் யாவராயினும் அன்னமிடுதலையே உயிருள் ஒளிக்குச் செய்யும் வழிபாடாகக் கொண்டனர். 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் அரசர் ஆணையால் அந்நாட்டுக் கோயில்கள் சாதிவேற்றுமையின்றித் திறக்கப்பெற்றன. 1939 சூலை 8-இல் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் வைத்தியநாத ஐயர் ஆலயப் பிரவேசம் நடத்தினர். 1947-இல் சென்னை மாகாணத்து ஆலயப் பிரவேசச் சட்டம் பிறந்தது. சாத்திரங் கற்றோர் தாமே முந்துறச் செய்யற்பாலதாயிருந்ததனைச் சட்டம் வந்து செய்ய நேர்ந்தது என்பதை நாம் நாணத்தோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும். சட்டத்தால் வாயிற்கதவு திறந்தது. அதனுட் புகுவாரைப் பக்கத்தே நிற்கும் சைவர் எவ்வுள்ளத்தோடு நோக்குகின்றனர் என்பதைச் சட்டம் அறியாது, சாத்திரமே கேட்கும்.

நின்றவூர்க்கு வந்த காடவர் கோமான் கண்ணாற் கண்டது வறியதோர் அந்தணர் வடிவை மட்டுமே. சிகரமோ மதிலோ அவன் கண்ணுக்குப் புலப்படவில்லை. காணப்படாத அக்கோயிலை உளதெனத் தேறியே அவன் நிலமுற வீழ்ந்து வணங்கினான். நம் எதிர்வரும் ஒவ்வொருவரிடத்தும் அத்தகையதொரு கோயில் உண்டு. சிலரிடத்துப் பணி முடிந்துளது, பலரிடத்துப் பணி தொடங்காமலும் இருத்தல் கூடும். ஆயினும் தலைவன் ஆண்டும் உளன். அவ்வரசன் தேறியவாறே நாமும் தேறி ஒழுகுதலே, பூசலார் வரலாற்றை ஓதுதலாற் பெறும் பயனாம் என்க.

சிவம்.